திமிலில் தண்ணீர் இல்லை: பாலைவன உயிர்களும் நாம் படிக்கத் தவறிய பாடமும்

ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்குமாறு அல்லாஹ் நம்மைத் தூண்டுகின்றான். அல்காஷியா அத்தியாயத்தின் 17ஆம் வசனம் அது. வானம் உயர்த்தப்பட்டதையும், மலைகள் நாட்டப்பட்டதையும், பூமி விரிக்கப்பட்டதையும் சொல்வதற்கு முன்பாகவே ஒட்டகம் அங்கே குறிப்பிடப்படுகிறது. இவ்வசனத்தை விளக்கும்போது, திமிலில் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு பல நாள்கள் பயணம் செய்யும் பிராணி ஒட்டகம் என்று நாம் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்தோம். நமக்குக் கற்பித்தவர்களும் அப்படியே சொன்னார்கள்.

ஒருநாள் பாடத்தின் நடுவே ஒரு மாணவர் எழுந்தார். வளைகுடாவில் பணிபுரியும் தம் தந்தையிடம் விடுமுறைக்குச் சென்று வந்தவர் அவர். "உஸ்தாத், பெருநாளில் அங்கே ஒட்டகம் அறுத்ததைப் பார்த்தேன். திமிலை வெட்டியபோது தண்ணீர் வரவில்லை. வெள்ளையாகக் கொழுப்புத்தான் இருந்தது" என்றார். வகுப்பு அமைதியானது. நம்மிடம் அதற்கு விடை இல்லை. பார்க்கச் சொன்ன வசனத்தை ஓதிக் கொடுத்த நாம் பார்க்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவர் பார்த்திருக்கிறார். அன்று தொடங்கிய தேடலில் நாம் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறோம்.

தாகத்துக்குப் பெயர் வைத்தவர்கள்

ஒட்டகத்தை முதலில் கூர்ந்து பார்த்தவர்கள் பாலைவனத்து அரபுகளே. ஒருமுறை நீர் காட்டியதற்கும் மறுமுறை காட்டுவதற்கும் இடைப்பட்ட காலத்துக்கு அவர்கள் தனித்தனியே பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குடிப்பது 'கிப்'. அதற்கு மேல் நாள் கூடக் கூட 'ரிப்உ', 'கிம்ஸ்', 'ஸித்ஸ்' என்று வளர்ந்து 'இஷ்ர்' வரை அந்த வரிசை செல்கிறது. நான்கு, ஐந்து, ஆறு, பத்து என்னும் எண்களிலிருந்து பிறந்த சொற்கள் இவை. தன் ஒட்டகம் எந்தப் பருவத்தில், எந்த மேய்ச்சலில், எத்தனை நாள் தாங்கும் என்பதை அறியாத மேய்ப்பன் பிழைத்திருக்க முடியாது. எனவே அனுபவத்தில் அளந்து அறிந்ததை அவர்கள் மொழியிலேயே பதித்து வைத்தார்கள்.

அந்தச் சொற்களை நாட்டுப்புற அரபுகளிடம் கேட்டுத் திரட்டிய அறிஞர்களுள் அல்-அஸ்மஈ முதன்மையானவர். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அவர், ஒட்டகத்துக்கென்றே 'கிதாபுல் இபில்' என்னும் நூலை எழுதினார். பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்-ஜாஹிள், விலங்குகளைப் பற்றி 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றினார். ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த எகிப்திய அறிஞர் அத்தமீரீ, விலங்குகளை அகரவரிசைப்படி அடுக்கி 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் தொகுப்பைத் தந்தார். விலங்குகளின் இயல்போடு மார்க்கச் சட்டத்தையும் அவர் அதில் இணைத்து எழுதினார். படைப்பினங்களை உற்றுநோக்குவது ஆலிம்களின் வேலை அன்று என்னும் எண்ணம் அன்றைய அறிஞர்களிடம் இருக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி என்னும் நம்பிக்கை

அப்படியானால் ஒட்டகத்துக்குள் நீர்த்தொட்டி இருக்கிறது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பல வேர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் வரலாற்று நூல்களிலேயே இருக்கிறது.

ஹிஜ்ரி 13இல் (கி.பி. 634) கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி காலித் இப்னு வலீத் (ரலி) இராக்கிலிருந்து ஷாமுக்குப் படையுடன் விரைந்தார்கள். இடையில் நீரில்லாப் பாலைவனம் குறுக்கிட்டது. வழிகாட்டி ராஃபிஉ இப்னு உமைர் ஓர் உபாயம் சொன்னார். ஒட்டகங்கள் சிலவற்றைத் தாகிக்க விட்டு, பின்னர் வயிறு நிறையக் குடிக்கச் செய்து, அசைபோடாதபடி வாயைக் கட்டினார்கள். வழியில் நாளுக்குச் சில ஒட்டகங்கள் அறுக்கப்பட்டு, அவற்றின் வயிற்றிலிருந்த நீர் குதிரைகளுக்குப் புகட்டப்பட்டது. தபரீ முதலிய வரலாற்றாசிரியர்கள் இதைப் பதிவு செய்துள்ளனர். படை சென்ற பாதை எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இச்செய்தியை ஊன்றிப் படித்தால், அவ்வொட்டகங்கள் புறப்படும் தறுவாயில் நீர் புகட்டப்பட்டவை என்பது விளங்கும். இப்போதுதான் குடித்த நீர் சிலகாலம் இரைப்பையில் இருக்கும். ஆடு, மாடுகளுக்கும் அப்படித்தான். அது பல நாள் பயணத்துக்கான தனிச் சேமிப்பு ஆகாது. பிற்கால உடற்கூற்றாளர்கள் சிலர் ஒட்டகத்தின் முதல் இரைப்பைச் சுவரில் சிறுசிறு பைகளைக் கண்டு, இவையே நீர்த்தொட்டிகள் என்று எண்ணினார்கள். அந்தப் பைகளில் இருப்பதோ மென்ற தீவனமும் செரிமான நீரும்தான்.

பெனி அப்பாஸில் ஓர் ஆண்டு

இந்தக் கேள்வியை அளந்து தீர்க்க முன்வந்தவர் நார்வேயில் பிறந்த உடலியங்கியல் அறிஞர் கினூட் ஷ்மிட்-நீல்சன். அவரும் மனைவி போடிலும் சக ஆய்வாளர்களும் 1953ஆம் ஆண்டு அல்ஜீரிய சஹாராவிலுள்ள பெனி அப்பாஸ் என்னும் பாலைவனச் சோலையில் தங்கினார்கள். ஒட்டகங்களை வெயிலில் நிறுத்தி, நீர் கொடுக்காமலும் கொடுத்தும் எடை பார்த்தார்கள், உடல் வெப்பத்தைக் குறித்தார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள். அங்கே வெளிப்பட்ட உண்மைகள் நாம் சொல்லி வந்த கதையைவிட வியப்பானவை.

முதலாவது, ஒட்டகம் நீரைச் சேமித்து வைப்பதில்லை, செலவழிக்காமல் இருக்கிறது. நம் உடல் வெப்பம் சற்று ஏறினாலே வியர்வை சுரந்து உடலைக் குளிர்விக்கும். ஒவ்வொரு துளி வியர்வையும் உடலின் நீர்ச் செலவே. நீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல் வெப்பமோ விடியலில் சுமார் 34 பாகை செல்சியஸ் வரை இறங்குகிறது. பகல் முழுவதும் மெல்ல மெல்ல ஏறி 40 பாகையைத் தாண்டிய பின்னரே நன்கு வியர்க்கத் தொடங்குகிறது. பகலில் சேர்த்த சூட்டை இரவின் குளிர்காற்றில் செலவின்றி இறக்கிவிடுகிறது. பெரிய ஒட்டகம் ஒன்றுக்கு இதனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் நீர் மிச்சமாகிறது.

இரண்டாவது, அதன் உரோமம். வெயிலில் கம்பளி போர்த்தியவன் வாடுவான் என்று நமக்குத் தோன்றும். ஆனால் உரோமம் மழிக்கப்பட்ட ஒட்டகம், மழிக்கப்படாததைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு நீரை இழந்தது. வெளியிலுள்ள சூடு உடலுக்குள் நுழையாமல் அந்தப் போர்வை தடுக்கிறது. திமிலும் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்ததே. உடலெங்கும் தோலுக்கடியில் கொழுப்பு பரவியிருந்தால் உள்சூடு வெளியேறுவது கடினம். அது முதுகில் ஓரிடத்தில் குவிக்கப்பட்டிருப்பதால் மற்ற இடங்கள் வெப்பத்தை எளிதில் விடுகின்றன. கொழுப்பு எரியும்போது நீர் உண்டாகும் என்பது உண்மை. ஆயினும் அதை எரிப்பதற்கு வேண்டிய மூச்சின் வழியே அதற்கு ஈடான நீர் போய்விடுகிறது. எனவே திமில் பசிக்கான சேமிப்பே.

மூன்றாவது, தாகத்தைத் தாங்கும் ஆற்றல். கடும் வெயிலில் மற்றப் பெரும்பாலான பாலூட்டிகள் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு அளவு நீரை இழப்பதற்குள்ளேயே இறந்துவிடும். இரத்தம் கெட்டியாகி, இதயத்தால் அதைத் தோல்வரை தள்ள முடியாமல் உள்சூடு திடீரென உயர்வதே காரணம். ஒட்டகமோ எடையில் கால் பங்குக்கு மேல் நீரை இழந்தும் உயிரோடிருக்கும். இழப்பின் பெரும்பகுதியைத் திசுக்கள் ஏற்றுக்கொள்ள, இரத்தம் தன் நீரைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. அதன் இரத்தச் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவில் அமைந்தவை. இரு மடங்குக்கு மேல் உப்பினாலும் வெடிக்காதவை.

அதனால்தான் அது ஒரே மூச்சில் குடிக்க முடிகிறது. 10 நிமிடங்களில் 100 லிட்டருக்கும் அதிகமாகக் குடித்த ஒட்டகத்தைப் பற்றி அவ்வாய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வேறொரு பிராணி வறண்ட நிலையில் அவ்வளவு நீரை ஒருசேரக் குடித்தால் அதன் இரத்த அணுக்கள் சிதைந்துவிடும். அல்வாகிஆ அத்தியாயத்தின் 55ஆம் வசனம் நரகவாசிகள் குடிப்பதைத் தாகித்த ஒட்டகங்களின் குடிப்புக்கு ஒப்பிடுவதை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். அந்த உவமையின் கடுமை இந்த எண்ணைப் படித்த பிறகே நமக்கு உறைத்தது.

மின்ஹாஜின் பட்டியல்

ஒட்டகத்தோடு நம் தேடல் நின்றிருந்தால் இக்கட்டுரை வியப்போடு முடிந்திருக்கும். ஆனால் பாலைவனத்தின் மற்ற உயிர்களைத் தேடி நாம் கற்பிக்கும் கிதாபையே புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது.

இஹ்ராம் உடையில் இருப்பவர் வேட்டையாடுவதை அல்மாயிதா அத்தியாயத்தின் 95ஆம் வசனம் தடுக்கிறது. மீறிக் கொன்றால் கொன்றதற்கு நிகரான கால்நடையைப் பரிகாரமாக விதிக்கிறது. எதற்கு எது நிகர் என்பதை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் வரிசைப்படுத்துகிறார்கள். தீக்கோழிக்கு ஓர் ஒட்டகம். காட்டு மாட்டுக்கும் காட்டுக் கழுதைக்கும் ஒரு மாடு. நவ்விமானுக்கு ஒரு வெள்ளாடு. முயலுக்கும் யர்பூஃ என்னும் பாலைவன எலிக்கும் ஆட்டின் பெண் குட்டிகள். ஷாஃபிஈ மத்ஹப் மதரஸாக்களில் படித்தவர்கள் இதை மனனமாகவே சொல்வார்கள்.

இந்தப் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றும் வெப்பத்தை வெல்லத் தனித்தனி வழி அருளப்பட்ட உயிர். தீக்கோழி, இறகற்ற நெடுங்கால்களின் வழியே சூட்டை வெளியேற்றும். யர்பூஃ பகலில் வளைக்குள் அடைந்து கிடந்து, இரவில் மட்டுமே வெளிவரும். உண்ணும் உணவிலிருந்தே நீரைப் பெறும். அரேபிய மணற்பரப்பின் நவ்விமானோ கோடையில் தீவனமும் நீரும் அருகும்போது தன் கல்லீரலையும் இதயத்தையும் சுருக்கிக்கொள்கிறது என்பது அண்மைக்கால ஆய்வில் தெரியவந்திருக்கிறது. உள்ளுறுப்பு சிறுத்தால் உயிர்க்காற்றின் தேவை குறையும். மூச்சு குறைந்தால் மூச்சோடு போகும் நீரும் குறையும்.

'காட்டு மாடு' என்று நாம் மொழிபெயர்த்துச் சொல்லும் 'பகருல் வஹ்ஷ்' எது? நாமும் ஏதோ காட்டெருமை என்றே எண்ணியிருந்தோம். அரபுகள் 'மஹா' என்றும் அழைக்கும் அந்த உயிர், நீண்ட நேர்கொம்புகளும் வெயிலைத் திருப்பி வீசும் வெண்ணிற உடலும் கொண்ட மான் இனம். உலகம் அதை அரேபிய ஓரிக்ஸ் என்கிறது. நபிமொழித் தமிழாக்கங்களில் 'உடும்பு' என்று வரும் 'ளப்பு'வின் நிலையும் இதுவே. நம் ஊர் உடும்பு ஊன் உண்ணும். ளப்பு, முள்வால் கொண்ட, பெரும்பாலும் தாவரம் உண்ணும் பாலைவனப் பல்லி. காலையில் கருத்த தோலோடு வெயில் காய்ந்து, சூடு ஏறியதும் வெளிறி வெப்பத்தைத் தவிர்க்கும். சொல்லை மனனம் செய்தோம், உயிரைப் பார்க்கவில்லை.

அரேபிய ஓரிக்ஸ் நடுப்பகலில் மரநிழலில் மண்ணைத் தோண்டி, அடியிலுள்ள குளிர்ந்த மணலில் படுத்திருக்கும். இரவிலும் விடியலிலும் மேயும். செடிகளிலுள்ள ஈரத்தையே கொண்டு மாதக்கணக்கில் நீர் குடிக்காமல் வாழும். ஒட்டகத்தைப் போலவே பகலில் உடல் வெப்பத்தை ஏறவிட்டு இரவில் இறக்கும். எங்கோ மழை பெய்தால் அந்தத் திசை நோக்கி நெடுந்தொலைவு நடந்து செல்லும்.

வெப்பம் கொல்லாததை யார் கொன்றார்?

இப்போது அந்தப் பட்டியலை மீண்டும் படியுங்கள். பரிகாரமாக ஒட்டகம் விதிக்கப்பட்ட அரேபியத் தீக்கோழி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூண்டற்றுப் போயிற்று. ஷாம் பகுதியின் காட்டுக் கழுதை இனம் 1920களின் இறுதியில் மறைந்தது. ஓரிக்ஸ் 1972இல் ஓமானின் ஜித்தத்துல் ஹராஸீஸ் சமவெளியில் கடைசியாக வேட்டையாடப்பட்டதோடு காட்டில் இல்லாதொழிந்தது.

பல்லாயிரம் ஆண்டுகள் வெயிலையும் வறட்சியையும் வென்ற உயிர்கள் சில பத்தாண்டுகளில் வீழ்ந்தன. காரணம் மோட்டார் வண்டியும் துப்பாக்கியும். ஒட்டகத்தில் சென்று வேட்டையாடிய காலத்தில் ஒன்றிரண்டு பிடிபட்டன, மற்றவை தப்பின. வண்டி வந்தபின் திறந்த சமவெளியில் ஓடி ஒளிய இடமில்லை. பசிக்காக நடந்த வேட்டை பொழுதுபோக்காக மாறியது. தாகத்துக்கு எதிராகப் படைத்தவன் அந்த உயிர்களுக்குக் காப்பு அருளியிருந்தான். மனிதனின் பேராசைக்கு எதிரான காப்பை அவற்றின் உடலில் வைக்கவில்லை. நமக்கு அருளிய சட்டத்தில் வைத்திருந்தான். நாம் அந்தச் சட்டத்தைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மூடி வைத்தோம்.

திரும்பி வந்த மஹா

ஓரிக்ஸின் கதை அத்தோடு முடியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அழிவு நெருங்குவதை உணர்ந்த சிலர் 1962இல் அன்றைய ஏடன் ஆட்சிப்பகுதியின் பாலைவனத்தில் தேடிச் சென்று மூன்றை உயிருடன் கொண்டுவந்தார்கள். இலண்டன் விலங்குக்காட்சியிலிருந்து ஒன்றும், குவைத்திலிருந்து ஒன்றும், சவூதி மன்னரிடமிருந்து நான்கும் சேர்ந்தன. இந்த ஒன்பதும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வறண்ட தட்பவெப்பம் கொண்ட ஃபீனிக்ஸ் நகர விலங்குக்காட்சியில் வளர்க்கப்பட்டுப் பெருகின. 1982இல் ஓமானின் அதே ஜித்தத்துல் ஹராஸீஸில் பத்து விலங்குகள் திறந்துவிடப்பட்டன. அவ்விடத்துப் பழங்குடியான ஹராஸீஸ் மக்களே காவலர்களாக நின்றார்கள். சவூதி அரேபியாவும் 1990 முதல் மஹாஸத்துஸ் ஸைத் என்னும் காப்பகத்தில் ஓரிக்ஸை மீளக் குடியமர்த்தியது.

இடையில் ஒரு சறுக்கலும் நேர்ந்தது. ஓமானில் நானூறுக்கு மேல் பெருகியிருந்த மந்தை, 1996க்குப் பிறகு திருட்டு வேட்டையாலும் உயிருடன் பிடித்து விற்பதாலும் மளமளவெனச் சரிந்தது. 2007இல் 65 மட்டுமே எஞ்சின. காப்பகத்தின் பரப்பும் குறைக்கப்பட்டதால், யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுவே. ஆயினும் மற்ற நாடுகளில் முயற்சி தொடர்ந்தது. 2011இல் காட்டில் வாழும் ஓரிக்ஸ்கள் ஏறக்குறைய ஆயிரத்தை எட்டின. காட்டில் முற்றாக அழிந்த நிலையிலிருந்து இந்த அளவு மீண்ட முதல் விலங்கினம் என்று இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைக் குறித்தது.

நீரின் தவணை

காப்பகம் என்பது நமக்கு அயலான கருத்தன்று. மதீனாவுக்கு அண்மையிலுள்ள நகீஃ என்னும் மேய்ச்சல் நிலத்தை நபி (ஸல்) அவர்கள் 'ஹிமா'வாக, அதாவது ஒதுக்கிக் காக்கப்பட்ட நிலமாக ஆக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாளரை நியமித்தபோது, சிறு மந்தையுடைய ஏழைகளை உள்ளே விடுமாறும், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சுமாறும் அறிவுறுத்தினார்கள். மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை விரட்டுவதும் கூடாது என்பதை ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிவோம்.

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் வடித்த செய்தி அபூதாவூத் நூலில் உள்ளது. அதன் உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதைப் பெருமானார் (ஸல்) கண்டித்தார்கள். தாகத்தையும் பசியையும் தாங்க வல்லது ஒட்டகம். அதனால் தாங்க முடிகிறது என்பது அதைத் தாங்க வைப்பதற்கு நமக்கு அனுமதி ஆகாது.

ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்தையும் எண்ணிப் பார்ப்போம். நீர் குடிக்க அதற்கு ஒரு முறை, ஸமூத் கூட்டத்துக்கு ஒரு முறை என்று தவணை வகுக்கப்பட்டதை அஷ்ஷுஅரா அத்தியாயம் கூறுகிறது. ஒரு பிராணியோடு நீரைப் பங்கிட்டுக்கொள்ள மனமில்லாமல் அந்தச் சமுதாயம் அதைக் கொன்றது, பின்னர் அழிந்தது.

நம் வீடுகளுக்கு வருவோம். துல்ஹஜ் மாதத்தில் குர்பானிக்காக வாங்கிய ஆட்டை மொட்டை மாடியின் வெயிலில் கட்டிவிட்டு, நீர் வைக்க மறந்துபோகும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? லாரியில் நெருக்கி அடைத்து இரவும் பகலும் கொண்டுவரப்படும் மந்தைகளுக்கு வழியில் யார் நீர் காட்டினார்கள் என்று வாங்கும்போது கேட்கிறோமா? ஆட்டுக்கு ஒட்டகத்தின் இரத்த அணுக்கள் அருளப்படவில்லை. அதன் தாகத்துக்கு நாமே பொறுப்பு.

அந்த மாணவரை அடுத்த வாரம் வகுப்பின் முன் நிறுத்தி, "நாம் சொன்னது தவறு, இவர் பார்த்ததே சரி" என்று சொன்னோம். அவ்வாறு சொல்வதால் உஸ்தாதின் மதிப்பு குறையும் என்று சிலர் எண்ணலாம். பார்த்ததைச் சொன்ன ஒரு சிறுவரை வாயடைத்திருந்தால், பார்க்கச் சொன்ன வசனத்துக்கு நாம் என்ன மதிப்புத் தந்திருப்போம்? இப்போது மின்ஹாஜின் அந்தப் பட்டியலைப் பாடமாக நடத்தும்போது ஒவ்வொரு பெயருக்கும் அவ்வுயிரின் படத்தைக் காட்டுகிறோம். இவற்றுள் எவை இன்று உள்ளன, எவை இல்லை என்றும் சொல்லிக் கொடுக்கிறோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் அல்காஷியா ஓதும்போது ஓர் ஒட்டகத்தை அவர்களுக்குக் காட்டுங்கள், படத்திலேனும் காட்டுங்கள். அன்று மாலை வாசலில் ஒரு சட்டியில் நீர் வைக்கச் சொல்லுங்கள்.

படைப்பைப் பார்த்துப் படைத்தவனை அறியும் கண்களையும், வாயில்லா உயிர்களின் தாகத்தை உணரும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.